சவுண்டைக் கொற!

வாரத்தில் ஐந்து நாள், காலை ஆறு மணிக்கு உங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு மெலடிப் பாடல்கள் போடுகிறவன் நான். "உங்க குரலைக் கேட்டுக்கிட்டே வேலைக்குப் போனா ஜாம் கூடப் பெருசா தெரியறதில்ல தம்பி" என்று ஓர் அக்கா அடிக்கடி அழைத்துச் சொல்வார். பத்து மணிக்கு நிகழ்ச்சி முடிந்து காரில் ஏறியதும் நான் என்ன கேட்கிறேன் என்று அந்த அக்காவுக்குத் தெரிந்தால் என்னைப் பற்றிய அபிப்பிராயம் மாறிவிடும்.

ஹெவி மெட்டல். கண்ணாடி அதிரும் அளவுக்கு.

இதற்கு விதை போட்டவர் அப்பா என்று சொன்னால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். அவருடைய பழைய வேனில் எம்.ஜி.ஆர். பாட்டுக் கேசட்டுகளோடு ஒரே ஒரு மலாய்க் கேசட்டும் இருந்தது. ஜொகூர் பாருவிலிருந்து கிளம்பிய 'சர்ச்' குழுவின் 1989ஆம் ஆண்டு ஆல்பம். அதிலுள்ள 'இசபெல்லா' வந்தால் அப்பா ஸ்டியரிங்கில் தாளம் போடுவார். அது மென்மையான காதல் பாட்டு. ஆனால் அதே கேசட்டில் மற்ற பாட்டுகளில் கித்தார் உறுமும். அப்பா அவற்றை ஓட்டிவிடுவார். எனக்கோ அவர் ஓட்டிவிட்ட பாட்டுகள்தான் பிடித்தன.

பதினைந்து வயதில் கிள்ளானில் எங்கள் தாமானுக்குப் பக்கத்துப் பாசார் மாலாமில் வாங்கிய சிடிக்களோடு அறைக்குள் புகுந்தேன். அன்றிலிருந்து வீட்டுக் கூடத்திலிருந்து ஒரு குரல் தவறாமல் வரும். "டேய், சவுண்டைக் கொற!"

அம்மாவின் கவலை வேறு. 2006ஆம் ஆண்டு வாக்கில் 'பிளாக் மெட்டல்' இசையைக் கண்டித்து நம் நாட்டில் நிறைய செய்திகள் வந்துகொண்டிருந்தன. பிளாக் மெட்டல் என்பது மெட்டல் மரத்தில் ஒரு கிளைதான். நான் கேட்டது வேறு கிளை என்று விளக்கிப் பார்த்தேன். என் கையிலிருந்த சிடியின் மேல் 'பிளாக் சப்பாத்' என்று எழுதியிருந்ததால் விளக்கம் எடுபடவில்லை.

எனக்குப் பிடித்தவற்றில் முதலிடம் இன்றும் அந்தக் குழுவுக்குத்தான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், தொழிற்சாலைப் புகைக்கு நடுவில் வளர்ந்த நான்கு பையன்கள். 1970 பிப்ரவரி 13ஆம் தேதி வெளியான அவர்களின் முதல் ஆல்பம் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவானது. மழைச் சத்தம், தூரத்தில் மணியோசை, பிறகு மூன்றே சுரங்கள். கீழே ஒரு ஸ, மேலே ஒரு ஸ, அடுத்தது இரண்டுக்கும் நட்டநடுவில் நிற்கும் சுரம். மேற்கத்திய இசையில் அந்த இடைவெளிக்கு 'இசையில் இருக்கும் சாத்தான்' என்று பழைய பெயர் உண்டு.

ஊடகத்துறைப் படிப்பில் ஒலி பற்றி ஒரு கட்டுரை எழுதும்போதுதான் எனக்கு அது உறைத்தது. ஸட்ஜமத்துக்கு அந்தத் தூரத்தில் நிற்பது நம்முடைய பிரதி மத்தியமம். கல்யாணி ராகத்துக்கு உயிரான சுரம். ஓடிவந்து கோயிலில் தேவாரம் பாடுகிற அம்மாவிடம் சொன்னேன். "உங்க 'ஜனனி ஜனனி' பாட்டுல இருக்கிற அதே சுரம்தாம்மா இது." அம்மா சற்று யோசித்தார். "கத்தியில காய்கறியும் வெட்டலாம்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் குழுவின் கித்தார் கலைஞர் டோனி அயோமியின் கதையை அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். பதினேழு வயதில் அவர் தகர வேலைத் தொழிற்சாலை ஒன்றில் இருந்தார். அன்று கடைசி நாள். இசைக்காக வேலையை விடுகிறார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், இனி திரும்பிப் போகவில்லை என்று சொல்ல, "எடுத்த வேலையை ஒழுங்கா முடிச்சிட்டு வா" என்கிற மாதிரி அவருடைய அம்மா அனுப்பி வைக்கிறார். போனவருக்குப் பழக்கமில்லாத பிரஸ் மெஷினில் வலது கை மாட்டி, நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடது கைக்காரர். கித்தாரில் தந்தியை அழுத்துவது வலது கை. இனி வாசிக்க முடியாது என்றார்கள்.

அவருடைய மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கலைஞர். தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் பெரும்பாலும் செயலிழந்த பிறகும் வாசித்தவர். அதைக் கேட்டுவிட்டு அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு மூடி செய்தார், மேலே தோல் ஒட்டினார், மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டார். பின்னாளில் வலி குறைய வேண்டித் தந்திகளின் இறுக்கத்தைத் தளர்த்தினார். தளர்ந்த தந்தி தாழ்ந்த சுரம் தரும். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த ஒலிக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பா ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் பிரஸ் மெஷின் ஓட்டியவர். கதையை முழுதாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்விதான் கேட்டார். "அந்த மெஷினுக்கு கார்டு போடலையா?"

இரண்டாமிடம் ரோனி ஜேம்ஸ் டியோவுக்கு. பிளாக் சப்பாத்தில் ஓஸி ஆஸ்போர்னுக்குப் பிறகு பாட வந்தவர். அவர் பாடிய 1980ஆம் ஆண்டின் 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பம் என் காரில் இன்னும் இருக்கிறது. ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டும் அந்தக் கொம்பு முத்திரையை மெட்டல் மேடைகளில் பரப்பியவர் அவர்தான். பேய்க் கும்பிடு இல்லை. அவருடைய இத்தாலியப் பாட்டி கண் திருஷ்டி கழிக்கக் காட்டிய முத்திரை அது. இதை அம்மாவிடம் சொன்னபோது மட்டும் அவர் முகம் மலர்ந்தது. "அட, அந்த ஊர்லயும் உண்டா?" என்றார்.

அயன் மெய்டனைச் சொல்லாமல் போனால் என் நண்பர்கள் சும்மா விடமாட்டார்கள். கோல்ரிட்ஜின் நீண்ட கடற்கவிதையைப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டாக 1984இல் ஆக்கியவர்கள். ஆங்கில இலக்கியத்தில் எனக்கு வந்த மதிப்பெண்ணில் அவர்களுக்கும் பங்குண்டு. நம் பக்கத்தில் சிங்கப்பூரின் 'ருத்ரா'. 1992இல் தொடங்கிய குழு. வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திரங்களையும் உறுமும் கித்தாருக்குள் கொண்டுவந்தவர்கள். முதல்முறை கேட்டபோது, இந்த வீட்டுக்குள் எனக்கும் ஓர் அறை இருக்கிறது என்று தோன்றியது.

கடைசியாக, மெட்டாலிகாவின் 'ஒன்'. 1988ஆம் ஆண்டு ஆல்பத்தில் வந்தது. போரில் கைகால், கண், காது, பேச்சு எல்லாம் இழந்து, மனம் மட்டும் விழித்திருக்கும் ஒரு சிப்பாயின் பாட்டு. டால்டன் டிரம்போ எழுதிய நாவலின் கதைதான் இதற்கும் கரு. அந்தச் சிப்பாய் தலையைத் தலையணையில் மோதி மோதி, மோர்ஸ் தந்திமொழியில் பேசப் பார்ப்பான். பாட்டு அமைதியாகத் தொடங்கும். பிற்பாதியில் டிரம்ஸ் இயந்திரத் துப்பாக்கியாக மாறும். இருபது வருடமாக நான் வியந்தது அந்த டிரம்ஸை மட்டும்தான்.

2025 மார்ச்சில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது, பதில் சொல்ல வார்த்தை வருவதில்லை என்றார் மருத்துவர். பேசியே சம்பளம் வாங்குகிற நான் கட்டிலுக்குப் பக்கத்தில் பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பா இடது கை விரலால் கட்டில் கம்பியைத் தட்டுவார். நான் விழிப்பேன். அம்மாதான் முதலில் புரிந்துகொண்டார். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். விடாமல் தட்டினால் திருப்பிப் படுக்க வை. அதன்பிறகு பல மாதம் 'ஒன்' பாட்டை என்னால் கேட்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு 'இசபெல்லா'வைப் போட்டுக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிடித்ததா, தூங்கினாரா என்று தெரியவில்லை. என் அறையில் நான் ஹெட்போன் போட்டே கேட்டேன். யாரும் என்னை அதட்டவில்லை. அது எவ்வளவு பெரிய அமைதி என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஜூலை 5ஆம் தேதி பர்மிங்ஹாமில், அவர்கள் பிறந்து வளர்ந்த ஊரிலேயே, பிளாக் சப்பாத்தின் கடைசி நிகழ்ச்சி நடந்தது. பார்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓஸி, கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். பக்கத்தில் அதே அயோமி, அதே விரல் மூடிகள். அதன் துணுக்குகளை மறுநாள் அப்பாவுக்குத் தொலைக்காட்சியில் காட்டினேன். "இவர்தாம்பா, மெஷின்ல விரல் போனவர்." அப்பா திரையையே பார்த்தார். நாற்காலியில் இருந்தபடி எழ முயன்று, முடியாமல் கைதட்டிக்கொண்டிருந்த ஓஸியையும் பார்த்தார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22ஆம் தேதி, ஓஸி இறந்துபோனார்.

செய்தி தெரிந்த அன்று இரவு வேலை முடிந்து வந்த எனக்கு ஹெட்போன் போடத் தோன்றவில்லை. கூடத்திலேயே அந்த முதல் ஆல்பத்தைப் போட்டேன். மழை, மணியோசை, மூன்று சுரங்கள். எவ்வளவு சத்தம் வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

திரும்பிப் பார்த்தால் அப்பா முறைத்துக்கொண்டிருந்தார். இடது கையை உயர்த்தி, இல்லாத ஒரு குமிழைப் பிடித்து, இடப்பக்கமாகத் திருகினார். நான் அசையாமல் நின்றதும் இன்னொரு தடவை, வேகமாக.

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "அதான் சொல்றார்ல?"

குறைத்தேன். இரண்டு புள்ளி மட்டும். மறுபடியும் திருகட்டும் என்று காத்திருந்தேன்.