செருப்பும் காலும்

கனடாவில் நீதிமன்றச் சுருக்கெழுத்துப் பயிலும் எம் தமையனார் மகளுக்கு மடிக்கணினியொன்று வாங்கிக் கொடுத்தோம். மெல்லியது, கண்ணைப் பறிக்கும் அழகுடையது, விலையும் சிறிதன்று.

“சித்தப்பா, பெட்டி நல்ல வடிவு, ஆனால், என் வேலைக்கு உதவாதே!” என்றாள் பிள்ளை. அவளுடைய மென்பொருள் விண்டோஸ் இயங்குதளத்துக்கென ஆக்கப்பட்டது. நாம் வாங்கியதோ வேறொன்று. நாணினோம்.

பின்னர் அவளிடமே பாடங்கேட்டோம். சுருக்கெழுத்துப் பொறியில் இருப்பவை 22 விசைகளே. பலவற்றை ஒருங்கே அழுத்திச் சொற்களைப் பதிகின்றனர். அமெரிக்கத் தொழில்முறைத் தேர்வொன்றில், சாட்சி விசாரணைப் பகுதிக்கு நிமிடத்துக்கு 225 சொற்கள் வேகம் வேண்டும். அக்குறிகளைக் கணினி உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையில் இடுகிறது. சாட்சி கூறிய ‘இல்லை’ என்னும் ஒரு சொல் விடுபட்டால், ஒருவரின் வாழ்வே திசைமாறலாமன்றோ?

ஆதலின், மாணவச் செல்வங்களே, மென்பொருள் வேண்டும் இயங்குதளம், செயலி, நினைவகம் எவையென முதலில் கேட்டறியுங்கள். பொறிக்கும் உரிமச் சாவிக்கும் போதிய யூ.எஸ்.பி. செருகுவாய்கள் உள்ளனவா எனவும் பாருங்கள். அதன்பின் கடைக்குச் செல்லுங்கள். செருப்புக்காகக் காலைத் தறிப்பாருண்டோ?

பிள்ளைக்கு ஏற்ற கணினி பின்னர் வாங்கினோம். அந்த அழகிய பெட்டியோ எம் மேசையில் இருக்கிறது. இதனை அதில்தான் எழுதுகிறோம்.