செங்கல்லை ஏற ஒரு நிமிடம்

ஈப்போவில் அண்ணனின் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு முதன்முதலில் போனபோது என் ஒரு கையில் பழைய நைட்ரோ வண்டி, மறு கையில் எரிபொருள் புட்டி. பாறையேறும் ரிமோட் கார், அதாவது கிராலர் ஒன்று செய்ய வேண்டும் என்பது ஆசை. பேட்டரியில் ஓடுவது பொம்மை, எண்ணெயில் ஓடுவதுதான் வண்டி என்று அப்போது நினைத்திருந்தேன். கைமாறி வந்த ஒரு மான்ஸ்டர் டிரக்கில் இரண்டு டிஃபரன்ஷியலையும் பூட்டி, மெத்தென்ற டயரை மாட்டினால் கிராலர் ஆகிவிடும் என்பது என் கணக்கு.

அண்ணன் வண்டியைத் தூக்கி, ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். “நல்லா ஓடும் தம்பி. நிக்குமா?” என்றார். அந்தக் கேள்வி புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது.

நைட்ரோ வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. “இதையே முதல்ல ஒழுங்கா கத்துக்க” என்று பின்பக்க மேசையில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேயே கழிந்தன.

அது 2.5 சிசி இஞ்சின், டூ ஸ்ட்ரோக். மெத்தனால், நைட்ரோமீத்தேன், மசகு எண்ணெய் மூன்றும் கலந்ததுதான் எரிபொருள். என் புட்டியில் நைட்ரோ 20 சதவீதம். பெட்ரோல் இஞ்சினில் இருப்பது போல இதில் தீப்பொறி கிடையாது. குளோ பிளக்கின் உள்ளே தலைமுடி போன்ற ஒரு பிளாட்டினக் கம்பிச் சுருள். 1.5 வோல்ட் கொடுத்தால் அது சிவக்கும். இஞ்சின் பற்றிக்கொண்ட பிறகு மின்சாரம் வேண்டாம், எரியும் சூடே அந்தக் கம்பியைக் கனலவைத்துக்கொண்டிருக்கும்.

படிக்க இவ்வளவுதான். முதல் நாள் இஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்து என் தோள்பட்டை விட்டுப்போனது. கார்பரேட்டரில் எரிபொருள் இறங்கவில்லையோ என்று எக்ஸாஸ்ட் வாயை விரலால் அடைத்து மேலும் சில முறை இழுத்தேன். கயிறு சட்டென்று கல்லில் கட்டியது போல நின்றுவிட்டது. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன், அறுந்து கையோடு வந்தது. சிலிண்டருக்குள் எரிபொருள் தேங்கிவிட்டிருக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது, பிஸ்டன் எப்படி மேலே வரும்? அண்ணன் பிளக்கைக் கழற்றினார், வண்டியைத் தலைகீழாகப் பிடித்தார், ஃப்ளைவீலைக் கையால் சுற்றினார். உள்ளே இருந்ததெல்லாம் என் சட்டையில் பீய்ச்சியடித்தது. “கயிறு எதிர்த்தா, அது ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம். கேக்காம இழுக்கக் கூடாது.” புதுக் கயிற்றை நானே கோக்கும்படி செய்தார்.

அடுத்து ஊசித் திருகு. காற்றோடு எவ்வளவு எரிபொருள் கலக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அது. உள்ளே திருகினால் எரிபொருள் குறைந்து கலவை லீன், வெளியே திருகினால் கூடி ரிச். நான் அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று திருகிக்கொண்டிருந்தேன். அண்ணன் திருகின் தலையைக் கடிகாரமாக நினைக்கச் சொன்னார். ஒரு தடவைக்கு ஒரு மணி அளவுதான் நகர்த்த வேண்டும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும். ரிச்சாக இருந்தால் சளி பிடித்தவன் குரல்போல இஞ்சின் கரகரக்கும், நீலப் புகை தாராளமாக வரும். லீன் என்றால் குரல் மெலிந்து கூர்மையாகும், புகை மறையும், சூடு ஏறும். இஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்போம். மூன்று நான்கு நொடி கொதித்து வற்றினால் சரி. விட்ட கணமே காணாமல் போனால் இஞ்சின் கருகப் போகிறது. அந்தச் சொட்டை எண்ணி எண்ணியே என் காது பழகியது. மூன்றாம் மாதம் தண்ணீர் இல்லாமலே சொல்ல வந்தது.

பெருமையோடு கோப்பேங் பக்கம் கம்பார் ஆற்றங்கரைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். மலையிலிருந்து உருண்டு வந்த கருங்கற்கள் அங்கே யானை முதுகுபோலக் கிடக்கும். முதல் கல்லிலேயே சிக்கல் தொடங்கியது.

இந்த இஞ்சினின் பலம் வேகத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 30,000 சுற்றை நெருங்கும்போதுதான் அது முழு ஆள். சுற்று குறைந்தால் பலமும் குறையும், இன்னும் குறைந்தால் அணைந்துவிடும். அதனால் நடுவில் ஒரு கிளட்ச். சுற்று ஏறினால் அதன் கட்டைகள் விரிந்து வெளியே இருக்கும் பெல்லைப் பிடிக்கும், இறங்கினால் விட்டுவிடும். பாறையில் அங்குலம் அங்குலமாக ஏற நான் விசையை மெல்ல அழுத்தினேன். கிளட்ச் பாதி பிடித்து, பாதி வழுக்கியது. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் அரை கிளட்சில் நிற்கும் மோட்டார் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். அதே தீய்ந்த வாடை. கூட அழுத்தினால் ஒரே பிடியாகப் பிடித்து, வண்டி பாய்ந்து மல்லாந்தது.

மல்லாந்தால் எடுத்து நிறுத்தினால் போகிறது என்றுதான் நினைத்தேன். அதற்குள் டேங்கில் இருந்த எரிபொருள் தப்பான குழாய் வழியே இஞ்சினுக்குள் இறங்கியிருந்தது. மறுபடியும் பிளக், மறுபடியும் தலைகீழ். சாய்வில் நிறுத்தினால் கார்பரேட்டரைவிட டேங்க் தாழ்ந்தது, கலவை மாறி இஞ்சின் அணைந்தது. எப்படியோ ஐந்து நிமிடம் ஓடியதும் சூடு. ஓடும் வண்டிக்குக் காற்று வந்து மோதும், இஞ்சின் தலை ஆறும். நத்தை வேகத்தில் போகும் வண்டிக்குக் காற்று எங்கிருந்து வரும்? அன்று மூன்று பிளக்குகள் போயின. பாதிப் பாறைகூட ஏறவில்லை.

இதைவிடப் பெரிய தப்பை அதன் பிறகு செய்தேன். சோர்ந்துபோய் வண்டியை அப்படியே மூலையில் போட்டேன். மூன்று வாரம் கழித்துத் தொட்டால் ஃப்ளைவீல் அசையவில்லை. மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மிச்ச எரிபொருளைத் தீர்த்துவிட்டு உள்ளே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் வைக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். இஞ்சினைப் பிரித்தோம். பேரிங் குண்டுகள் செம்மண் நிறத்தில் இருந்தன. அண்ணன் திட்டவில்லை. அந்தப் பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்து, விரலால் சுற்றிப் பார்க்கச் சொன்னார். மணலை அரைப்பது போலிருந்தது. அது இன்றும் என் மேசையில் இருக்கிறது.

அன்று மாலைதான் மோட்டார் ஒன்றை எடுத்து வந்தார். சாதாரண 540 அளவு, உள்ளே பிரஷ் உள்ளது. அதன் தண்டை என் இரு விரலால் பிடிக்கச் சொல்லி, மிகக் குறைந்த மின்சாரம் கொடுத்தார். தண்டு சுழலவில்லை, ஆனால் என் விரலைத் தள்ளிக்கொண்டே இருந்தது. “பாத்தியா? நிக்கும்போதே தள்ளுது.” இந்த மோட்டாரின் திருகுவிசை உச்சத்தில் இருப்பது அது நிற்கும்போதுதான். முதல் நாள் அவர் கேட்ட கேள்வியின் பொருள் விரல் வழியாகத்தான் எனக்கு ஏறியது.

அமெரிக்காவில் தொடக்க காலத்தில் கிராலர் கட்டியவர்களில் பலர், 1987இல் தமியா நிறுவனம் வெளியிட்ட கிளாட் பஸ்டர் என்ற ரிமோட் டிரக்கின் அச்சுகளைக் கழற்றிப் பயன்படுத்தியவர்கள் என்றும் அன்று சொன்னார். அச்சுக்கு ஒரு மோட்டாராக அதில் இரண்டு உண்டு. 2017இல் வந்த டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 வரை பெயர் பெற்ற கிராலர்கள் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன.

இனி எளிது என்று நினைத்தேன். வேக ஆசை விடவில்லை. மின்சாரக் கிராலர் ஒன்றைக் கட்டி, அதில் குறைந்த டர்ன் மோட்டார் வாங்கி மாட்டினேன். டர்ன் என்பது உள்ளே செம்புக் கம்பி எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்ற கணக்கு. சுற்று குறைந்தால் வேகம், கூடினால் நிதானம். என் வண்டி தவளைபோலத் தத்தியது, மோட்டாரைத் தொட்டால் விரல் சுட்டது. அதைக் கழற்றி 35 டர்ன் போட்ட பிறகுதான் சக்கரம் ஊர்ந்தது.

பேட்டரியிலும் பாடம் காத்திருந்தது. லைப்போ பேட்டரியில் ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. ஓட்டி முடித்து, கழற்றாமல் இரண்டு நாள் வண்டியிலேயே விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது பூரிபோல உப்பியிருந்தது. சார்ஜ் போட்டால் தேறுமா என்று கேட்டேன். “தேறாது, தீப்பிடிக்கும்” என்று மணல் வாளியில் வைத்து வெளியே கொண்டுபோனார். நைட்ரோவுக்கு எண்ணெய் விட மறந்தவன், பேட்டரியைக் கழற்ற மறந்தேன். மறதி என்னோடேயே வந்திருந்தது.

பிறகு இரண்டு மாதம் பாறையே கிடையாது. பட்டறைத் தரையில் ஒரு செங்கல். அதை ஏறி இறங்க ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும், நடுவில் நிற்கவும் கூடாது. முதல் நாள் எனக்கு நான்கு நொடி ஆனது. விசையை அழுத்துவதாக நினைத்தால் விரல் முந்திக்கொள்ளும். பாலாடையை விரலால் ஒதுக்குவது போலத் தொட வேண்டும். விசையை விட்டால் டிராக் பிரேக் மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும், வண்டி சரிவில் ஒட்டிக்கொண்டது போல நிற்கும். அதை நம்பிக் கையை எடுக்கவே பல வாரம் பிடித்தது. முன்சக்கரங்களின் உள்ளே ஈயத் தகடு ஒட்டினோம். எடை முன்னாலும் கீழேயும் இருந்தால் வண்டி எளிதில் மல்லாந்துவிடாது.

ஒரு ஞாயிறு கம்பார் ஆற்றங்கரையில் அதே கல். சத்தம் இல்லாததால் டயர் கல்லை உரசுவது கேட்டது. உரசல் மாறினால் வழுக்கப் போகிறது என்று பொருள். நைட்ரோ இஞ்சின் பழக்கிய காது இங்கே உதவியது. விரலைத் தளர்த்தினேன், நின்றது. திருப்பினேன், பிடித்தது. உச்சியில் ஏறி நின்றபோது அண்ணன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “இப்ப நிக்குது” என்றார். அவ்வளவுதான்.

நைட்ரோவா, மின்சாரமா என்று இப்போது என்னைக் கேட்கிறார்கள். திறந்த மைதானத்தில் பறக்கவிட ஆசை என்றால் நைட்ரோ வாங்குங்கள், எண்ணெய் விட மறக்காதீர்கள். பாறையேற வேண்டுமென்றால் மின்சாரம்தான். 35 டர்ன் மோட்டார், இரண்டு செல் பேட்டரி போதும், மிச்சக் காசை நல்ல டயரில் போடுங்கள். செங்கல்லுக்குக் காசு வேண்டியதில்லை, அதிலிருந்தே தொடங்குங்கள்.