யான் எழுப்பிய அலை

தமிழில் அலையைக் குறிக்கும் சொற்கள் பல. திரை என்பர், ஓதம் என்பர், புணரி, தரங்கம், கல்லோலம் என்றும் நிகண்டு நூல்கள் அடுக்கிச் செல்லும். சிறப்புத் தமிழ் வகுப்பில் இவற்றை மனனம் செய்த நாளில், ஒரு பொருட்குப் பல பெயர் என்னும் அளவிலேயே யான் நிறைவெய்தினேன். ஆயினும் எங்கள் வீட்டுக் கூடத்தில், மூன்றடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றில் அலையெழுப்ப முயன்ற பின்னரே, அலை என்பது பெயர்ச்சொல்லாக மட்டுமின்றி வினைச்சொல்லாகவும் நிற்பதன் பொருள் எனக்கு விளங்கிற்று. பெயரை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். வினையையோ ஓயாது செய்தல் வேண்டும். தமிழ் பயில்வோனுக்கு மின்கருவியோடு யாது உறவு என நகைத்த நண்பர்க்கு விடையாகவும், யான் செய்த பிழை ஒன்றை மறையாது உரைத்தற்பொருட்டும் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி. கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் அதற்கப்பால் வங்கக் கடலும் உள்ளன. எனினும் எங்கள் தெருவில் கேட்பது கடலோசை அன்று. சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் ஓசையே. அவற்றுள் ஓர் இரும்பாலையில் எங்கள் சித்தப்பா மின்பணியாளராக இருக்கிறார். இரவு முழுதும் காய்ச்சிய இரும்பின் அருகே நின்று வருபவர்க்குக் காலையில் குளிர்ந்த நீரைக் கண்டுகொண்டு அமர்ந்திருத்தல் பேரின்பம் போலும்! அலங்கார மீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற கொளத்தூருக்குச் சென்று, ஆரஞ்சு நிறமேனியில் வெண்பட்டை கட்டிய கோமாளி மீன்கள் ஆறு வாங்கி வந்தார். அவை கடலிற் பிடித்தவை அல்ல, பொரிப்பகத்தில் வளர்த்தவை. இம்மீன்களை அவ்வாறு குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை நம் நாட்டின் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்தளித்துள்ளனர். தொட்டியில் ஏறக்குறைய 160 லிட்டர் நீர். அதனைக் கடல்நீர் ஆக்குதற்கு லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் உப்புக் கலவை கரைத்தோம். உப்பால் நீர் கடல்நீர் ஆயிற்று. ஆனால் கடல் ஆகவில்லை; அஃது அசையாது கிடந்தது.

அசையாத நீர் உயிர்க்கு ஆகாது. ஏன் எனில், 27 பாகை வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் உயிர்வளியை ஏற்குமாயின், கடல்நீர் ஏற்பது 6.5 மில்லிகிராம் அளவே. வெப்பம் ஏறுந்தோறும் இச்சிறு செல்வமும் குறையும். மேற்பரப்பு கலங்கி மேல்நீரும் கீழ்நீரும் இடம் மாறினாலன்றி, காற்றிலுள்ள உயிர்வளி அடியை எட்டாது. பவளவுயிர்க்கு இத்தேவை இன்னும் பெரிது. அது நின்ற இடம் விட்டுப் பெயராதது. அதற்கு உணவு கொணரும் கையும், அதன் கழிவை அகற்றும் துடைப்பமும் அலையே. அதுவும் ஒரே திசையில் ஒரே விரைவில் பாயும் நீர் போதாது. அஃது ஆறு ஆகுமே ஒழிய அலை ஆகாது. சென்று மீளுதலும், எழுந்து தணிதலும் வேண்டும்.

இத்தேவையை முதலில் உணர்ந்தோருள் ஒருவர், இலண்டன் நகரத்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் துணைத் தலைமைக் குருவுடைய மனைவியாகிய அன்னா தின் அம்மையார். 1846ஆம் ஆண்டில் டார்க்கி என்னும் கடற்கரை ஊரிலிருந்து பவளவுயிர் சிலவற்றை இலண்டனுக்குக் கொணர்ந்து வளர்த்தார். கடலோ தொலைவில், மின்சாரமோ இல்லை. ஆகவே திறந்த பலகணியின் முன்னே, ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு அந்நீரை மாற்றி மாற்றி ஊற்றும்படி பணிப்பெண்ணை ஏவினார். நாடோறும் அரைமணிக்கு மேல் அப்பெண்ணின் கைகளே அலையாக நின்றன. இதனைப் படித்தபோது, ‘இன்று அந்தக் கைகளின் வேலையை ஒரு கருவியிடம் ஒப்படைத்துவிடலாம், நாம் உறங்கலாம்’ என்று எண்ணினேன். என் பிழையின் வித்து அவ்வெண்ணமே.

கடைகளில் விற்கும் அலைக்கருவியின் விலை எங்கள் குடும்பத்திற்கு ஏற்றதன்று. ஆகவே பம்பை மட்டும் வாங்கி, அதனை ஆளும் கருவியை யானே செய்யத் துணிந்தேன். சென்னை ரிச்சித் தெருவின் நெரிசலில் இரு சனிக்கிழமைகள் அலைந்து, ஆர்டுயினோ என்னும் சிறு கணிப்பலகையும், மின்தடைகளும், மின்தேக்கிகளும், சிறு காட்சித் திரையும் வாங்கினேன். கருவியின் இயல்பைச் சுருங்கக் கூறுவேன். எங்கள் பம்பு 24 வோல்ட்டில் ஓடுவது. அதன் விரைவைத் தீர்மானிக்கும் கம்பியில் மின்னழுத்தம் சுழியாயின் நிற்கும். 10 வோல்ட்டாயின் முழு விரைவில் சுழலும். கணிப்பலகையோ இடைப்பட்ட அழுத்தத்தைத் தர அறியாது. 5 வோல்ட்டைத் திறந்தும் மூடியும், விநாடிக்கு 490 முறை துடிப்பதே அதன் இயல்பு. எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை 0 முதல் 255 வரை எண்ணால் குறித்தால் அது கேட்கும். அத்துடிப்பை ஒரு மின்தடையின் வழியே மின்தேக்கிக்குள் செலுத்தினால், குடத்தில் விழும் நீர் மேலே தளும்பினும் மட்டம் நிலைத்து நிற்றல்போல, அழுத்தம் நிலைபெறும். அதனை ஒரு பெருக்கியால் இருமடங்காக்க, 10 வோல்ட் வரை வேண்டிய அளவு கிடைக்கும்.

இனி, அலை எழுந்த விதம் கூறுவேன். ஒவ்வொரு தொட்டி நீருக்கும் இயல்பாகிய ஊசலாட்டம் ஒன்று உண்டு. தொட்டியின் நீளமும் நீரின் ஆழமும் அதனை வரையறுக்கும். எங்கள் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளமும், நீர் 40 சென்டிமீட்டர் ஆழமும் உடையன ஆதலின், ஒரு முறை சென்று மீள 1.14 விநாடி ஆகும் எனக் கணக்குக் காட்டிற்று. ஊஞ்சலைத் தள்ளும் சிறுவன், அது தன்பால் வந்து திரும்பும் நொடியில் தள்ளுவானாயின், சிறு விசையே பேராட்டம் ஆகும் அன்றோ? அங்ஙனமே பம்பைப் பாதி நேரம் ஓட்டியும் பாதி நேரம் அடக்கியும் பார்த்தேன். 0.9 விநாடியில் நீர் நடுங்கியது. 1 விநாடியில் கலங்கியது. கணக்கை அணுகியபோது, தொட்டியின் நீர் முழுதும் ஒரே உடல்போல இடப்புறம் உயர்ந்து, வலப்புறம் தாழ்ந்து, மீண்டும் மாறி எழுந்தது. மீன்கள் அறுவரும் அதன்மேல் தொட்டில் குழவிகள்போல ஆடின. யான் கூவிய கூவலில் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். அதற்குள் நீர் விளிம்பைத் தாண்டிக் கூடத்தில் வழிந்தது. “கடல் வேண்டும் என்றாய், அது கூடத்திற்கே வந்துவிட்டதே!” என்று அம்மா துணி கொண்டு துடைத்தார். விசையைக் குறைத்து, பகலில் ஓங்கியும் இரவில் தணிந்தும் அலை வருமாறு அமைத்து, பெருமிதத்தோடு உறங்கினேன்.

நிற்க. கோடையில், உறவினர் இல்லத் திருமணத்தின்பொருட்டு எங்கள் குடும்பத்தார் அனைவரும் திருவள்ளூர் சென்று, ஓர் இரவும் ஒரு பகலும் தங்கினோம். அவ்விரவில் கும்மிடிப்பூண்டியில் மின்சாரம் தடைப்பட்டுச் சிறிது நேரத்தில் மீண்டதென அண்டை வீட்டார் பின்னர்க் கூறினர். மின்சாரம் மீண்டது, அலை மீளவில்லை. பகல் இது, இரவு இது எனப் பகுத்தறியக் கருவிக்கு நேரம் தெரிதல் வேண்டும். மின்சாரம் அற்ற போதும் நேரத்தைக் காக்கும் சிறு கடிகாரச் சில்லு ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு அஞ்சி யான் வாங்கவில்லை. ஆதலின் கருவி விழித்தெழுந்து, ‘நேரம் அமைக்க’ என்று திரையில் எழுதி, என் விரலை எதிர்நோக்கி நின்றது. பம்பும் நின்றது. மூடிய வீடு, மே மாத வெப்பம், அசைவற்ற நீர். காற்றுக் குமிழிக் குழல் ஒன்றையேனும் துணையாக வைத்திருந்தேன் அல்லேன். என் அலை இருக்க அது எதற்கு என்னும் செருக்கே காரணம். மறுநாள் இரவு கதவைத் திறந்தபோது மீன்கள் மூன்று மிதந்தன. எஞ்சிய மூன்றும் நீர்மட்டத்தில் வாய் திறந்து திணறின. அவ்வெழுத்துகள் மட்டும் பிழையின்றி ஒளிர்ந்துகொண்டிருந்தன. அந்தோ! அன்னா தின் அம்மையாரின் பணிப்பெண் ஒருபோதும் நேரம் கேட்டு நின்றிருக்க மாட்டாள் என்று எண்ணினேன்.

அம்மா குவளை ஒன்றை எடுத்து, நீரை மொண்டு உயர்த்தி ஊற்றத் தொடங்கினார். யானும் ஊற்றினேன். நள்ளிரவு வரை எங்கள் கைகளே அலையாயின. சித்தப்பா என்னைக் கடியவில்லை. மறுநாள், கருவியைப் பிரித்து வைத்துக்கொண்டு, “தம்பி, ஆலையில் ஒரு பொறியைப் பொருத்தும்போது அஃது எவ்வாறு ஓடும் என்று பின்னர்க் கேட்போம், எவ்வாறு நிற்கும் என்று முன்னர்க் கேட்போம். எங்கள் கிரேனின் பிரேக்கைப் பார். மின்சாரம் அதனை இறுக்குவதில்லை, திறந்து பிடித்திருக்கிறது. மின்சாரம் போனால் வில்லே தானாக இறுக்கும். ஆகையால் தூக்கிய இரும்பு எவர் தலையிலும் விழுவதில்லை. உன் கருவி மயங்கினால் மீனுக்கு என்ன ஆகும் என்று நீ கேட்டாயா?” என்றார்.

“கேட்கவில்லை, சித்தப்பா” என்றேன்.

அவர் காட்டிய வழியே ரிலே ஒன்றை இடையில் வைத்தேன். கருவி நலமாக இருக்கும்வரை ரிலேயை ஈர்த்துப் பிடித்திருக்கும். பம்பும் அதன் சொற்படி ஆடும். கருவி நின்றாலோ, மயங்கினாலோ, பிடி தளர்ந்து ரிலேயின் வில் தானே மீளும். மீண்ட அந்நிலையில் வேறொரு வழியால் 5 வோல்ட் பம்பைச் சேரும். அது பாதி விரைவில் அமைதியாக ஓடும். கணிப்பலகைக்குள்ளேயே இருக்கும் காவற் கடிகாரத்தையும் இயக்கினேன். எட்டு விநாடி வரை செயலற்று நின்றால் அது பலகையைத் தட்டி எழுப்பும். மின்சாரமே அற்ற வேளைக்கு, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்தேன். பாதி விரைவில் 10 வாட் அளவே வேண்டுமாதலின், ஓர் இரவை அவை தாங்கும். காற்றுக் குழலும் ஒன்று வைத்தேன். கடிகாரச் சில்லையும் வாங்கினேன். இப்போது என் அலை முன்போல அத்துணை அழகியது அன்று; ஆயினும் ஓயாதது.

இதற்குப்பின், வணிகர் ஒருவர் உயிர்ப்பவளம் தருவதாகச் சித்தப்பாவிடம் மறைவாகக் கூறினார். மனம் அசைந்தது என்பதை மறையேன். அலையெழுப்பியவன் பவளத்தை விரும்புதல் இயல்பே. ஆனால் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு முதல் பவளங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றை எடுத்தலும் விற்றலும் குற்றம். சட்டத்தினும் என்னைத் தடுத்தது வேறொன்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப்பாறைகள் உள்ளன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. அதற்கு முன்னர்ச் சுண்ணாம்பின் பொருட்டுப் பாறையை வெட்டி வெட்டி எடுத்தமையால் அத்தீவுகளுள் இரண்டு நீரில் அமிழ்ந்தன. 2010இலும் 2016இலும் கடல்நீர் வெப்பம் மிக்குப் பவளங்கள் வெளிறின. இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் பக்திமான் 1854இல் கண்ணாடித் தொட்டியைப் பற்றி நூல் எழுதி, அதன்மேல் நாட்டார்க்குப் பெருவேட்கை மூட்டினார். கடலுயிர் தேடி வந்தோர் கரைக்குழிகளை வறிதாக்கியமை கண்டு அவர் பின்னர் வருந்தினார் என்பதை அவர் மைந்தர் எட்மண்ட் 1907இல் எழுதிய நூலால் அறிகிறோம். அன்பும் அழிக்கும், காவல் இல்லாத போது. ஆறு மீன்களை ஒரு நாள் காக்க இயலாதவன், ஆண்டாண்டுகளாக வளர்ந்த பவளத்தைக் கடலிலிருந்து பெயர்த்தெடுக்க எவ்வுரிமை உடையேன்? வேண்டா என்றோம்.

கலிலேயக் கடலின் புயலை ஆண்டவர் அமர்த்திய வரலாற்றைச் சிறுவயது முதல் கேட்டு வியந்திருக்கிறேன். அவர் அமர்த்திய பின்னும் மறுநாள் அக்கடலில் அலை எழுந்திருக்கும். எவரும் அதனை எழுப்ப விழித்திருந்திலர். ஊழிதோறும் ஓயாத அவ்வியக்கத்தை ஒரு கண்ணாடிக்குள் வேண்டினேன். வேண்டிய அளவிற்கு விழிப்பையும் ஏற்கக் கடமைப்பட்டேன். எஞ்சிய மூன்று மீன்களும் இன்று நலமாக உள்ளன. இரவில் படிப்பு முடிந்து விளக்கணைக்குமுன் தொட்டியருகே சென்று, மின்கம்பியை ஒருமுறை கையால் எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். ரிலே ‘டிக்’ என்று மீள்கிறது, பம்பு நிற்பதில்லை. கம்பியை மீண்டும் செருகிவிட்டு உறங்கச் செல்கிறேன்.