புதுச் சில்லும் முருங்கன் களியும்

மழைக்காலத்தில் பிரயாணம் புறப்படுவோர் வானத்தைப் பார்ப்பது வழக்கம். மன்னார் மாவட்டத்திலுள்ள முருங்கன் பகுதிக்குச் செல்வோரோ மண்ணைத்தான் முதலிற் பார்க்க வேண்டும். அங்குள்ளது கருங்களி. கோடையில் அந்நிலம் கை புகுமளவுக்கு வெடித்துக் கிடக்கும். வடகீழ்ப் பருவமழை இரண்டு நாட்கள் விடாது பெய்தால் வெடிப்புகள் யாவும் மூடிக்கொள்ளும். மண் நீரைக் குடித்துப் பருக்கும். காலை வைத்தால் செருப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் முருங்கன் களி அங்கே பயன்பட்டது. சீமெந்துக்கு உகந்த மண் மோட்டார் வண்டிக்கும் உகந்ததாயிருக்க வேண்டுமென்று நியதி உண்டா?

இவ்வுண்மையை நாங்கள் 2023ஆம் ஆண்டு மார்கழியிலே கற்றுக்கொண்டோம். என் தாயாரின் தமையனார் அங்கே வயல் நடுவில் வசிப்பவர். அவருக்குக் கடுங்காய்ச்சல் என்று செய்தி வந்ததும் தாயாரை ஏற்றிக்கொண்டு வவுனியாவிலிருந்து எங்கள் பழைய பஜெரோவிற் புறப்பட்டோம். தார் வீதியை விட்டு இறங்கிச் சிறிது தூரம் சென்றதும் வண்டி ஒரு பள்ளத்தில் அகப்பட்டுக்கொண்டது. நான்கு சில்லுகளும் சுழன்றனவேயன்றி வண்டி ஓரடியும் நகரவில்லை. ஈற்றில் மாமாவை உழவு இயந்திரப் பெட்டியிற் கிடத்தி, தறப்பாளால் மூடி, எங்களைக் கடந்து வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். தமையனாரின் முகத்தைக்கூடக் காணாமல் தாயார் சேற்றின் நடுவே வண்டிக்குள் இருந்தார். மாமா பிழைத்துக்கொண்டார். ஆயினும், "இன்னொரு மாரிக்கு நான் இப்படி வழியிலை இருக்க மாட்டேன்" என்று தாயார் கூறிய வார்த்தை எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆகவே 2024ஆம் ஆண்டு கார்த்திகையில் வண்டிக்குப் புதிய றிம்களும் சேற்று ரயர்களும் பூட்டுவதெனத் தீர்மானித்தோம். பழைய றிம்களில் இரண்டு கல்லில் மோதி நெளிந்திருந்தன. அழகாயிருக்கின்றது என்று கண்ட றிம்மை வாங்கிவிட முடியாது என்பதை ரயர்க் கடையிலேதான் அறிந்தோம். எங்கள் வண்டிக்கு ஆறு நட்டுகள். அவற்றின் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீற்றர். அது பொருந்தினாலும் போதாது. றிம் அளவுக்கு மிஞ்சி வெளியே தள்ளி நின்றால் சேறு வண்டியின் மேலெல்லாம் தெறிக்கும், பேரிங்கும் விரைவில் தேயும். உள்ளே ஒதுங்கி நின்றால் ரயர் கீழ்ப்பாக இரும்பில் உராயும்.

முன்பிருந்த ரயர் 265/70 ஆர் 16. அதற்குப் பதிலாக 265/75 ஆர் 16 பூட்டினோம். இதனால் ரயரின் விட்டம் 777 மில்லிமீற்றரிலிருந்து 804 ஆயிற்று. வண்டியின் அடிப்பாகம் உயர்ந்ததோ 13 மில்லிமீற்றர் மாத்திரமே. இனி வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 62இல் ஓடும். ஸ்பெயர் சில்லுக்கும் அதே அளவு ரயரையே போட்டோம்.

சேற்று ரயரின் சூட்சுமம் அதன் பற்களிலன்று, பற்களுக்கிடையேயுள்ள அகன்ற வெளியிலே இருக்கின்றது. சாதாரண ரயரின் சிறிய இடைவெளிகளைக் களி நிரப்பிவிட்டால் அது வழுக்கும் உருளையாகிவிடும். சேற்று ரயரோ, சுழலும்போது களியை வெளியே எறிந்துவிட்டு மீண்டும் நிலத்தைப் பற்றும். ஆனால் கடைக்காரர் எங்களை எச்சரிக்கவும் தவறவில்லை. "தம்பி, உது சேற்றுக்குத்தான் ராசா. மழை நேரம் தார் றோட்டிலை பிறேக் பிடிக்கக் கொஞ்சம் பிந்தித்தான் நிற்கும். ஆறுதலாய் ஓடுங்கோ. நூறு கிலோமீற்றர் ஓடினாப் பிறகு நட்டுகளை இன்னொருக்கால் இறுக்கிப் பாருங்கோ" என்றார்.

மார்கழியிற் புறப்பட்டோம். பறயனாலங்குளம், மடு வீதி ஆகிய இடங்களைக் கடக்கும்வரை ரயர்கள் தேனீக்கூட்டம்போல் இரைந்துகொண்டே வந்தன. முருங்கனுக்கு வடக்கே கட்டுக்கரைக்குளம் நிறைந்து கிடந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்தது என்று கூறப்படும் இக்குளத்துக்கு அருவியாற்று நீரைத் தேக்கம் அணைக்கட்டு திருப்பிவிடுகின்றது. நீர்க்காகங்கள் பட்டமரங்களிற் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. காலபோக நெல் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் பசேலென்றிருந்தது. வண்டியைச் சபிக்க வைக்கும் அதே களியல்லவா நீரை வடியவிடாது தாங்கி இந்நெல்லை வளர்க்கின்றது!

தார் வீதியின் முடிவில் வண்டியை நிறுத்தி, 32 இறாத்தலாயிருந்த காற்றை 20 இறாத்தலாகக் குறைத்தோம். காற்றுக் குறைந்தால் ரயர் தட்டையாகி, நிலத்திற் படியும் பரப்பு நீளும். பின்னர் தாழ்ந்த கியரைப் பூட்டி, ஒரே சீராக, நடக்கும் வேகத்திற் சென்றோம். சென்ற ஆண்டு அகப்பட்ட பள்ளம் வந்தது. எவரும் பேசவில்லை. வண்டி ஒருமுறை பக்கவாட்டில் வழுகியது, பற்கள் அடிநிலத்தைப் பற்றின, மறுகரை ஏறினோம். தாயார் கண்களை மூடியபடி கைகூப்பியிருந்தார்.

எங்கள் வெற்றிக்களிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. வாய்க்காற் கட்டின் தொடக்கத்தில் மாமாவே குடையுடன் நின்று கையை உயர்த்தினார்.

"இதோடை நிற்பாட்டு தம்பி. உன்ரை ரயர் போகும், எனக்குத் தெரியும். ஆனால் அது போன இடத்திலை கட்டு நிற்காது. கட்டு உடைஞ்சால் பத்துப் பேற்றை வயலுக்குத் தண்ணியில்லை" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வந்த பாதையில் ஆழமான இரு சால்கள், கலப்பையால் உழுததுபோல நீண்டு கிடந்தன. நாளை அவ்வழியே நடந்தும் சைக்கிளிலும் செல்பவர்களை நினைத்து வெட்கமடைந்தேன். கடையிலே எத்தனையோ கணக்குப் பார்த்த நான் இந்த ஒரு கணக்கை மறந்துவிட்டேன்.

எஞ்சிய தூரத்தைத் தாயார் செருப்பைக் கழற்றிவிட்டு, தமையனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே கடந்தார். "அண்ணை, மெல்லமாய்" என்று அவர் சொல்ல, "நீ விழாமல் வா" என்று இவர் சொல்ல, இருவரும் முன்னே சென்றார்கள். சேற்றில் நடப்பது அவர்களுக்குச் சிறுவயதிலேயே கைவந்த வித்தை. புதிய ரயர்களின் சொந்தக்காரனாகிய நானே இருமுறை வழுக்கி விழுந்தேன்.

மறுநாட் காலை மண்வெட்டியுடன் சென்று எங்கள் சால்களை நாங்களே நிரவினோம். தார் வீதிக்கு வந்ததும் காற்றை மீண்டும் 32 இறாத்தலாக்கி, நட்டுகளை இறுக்கிக்கொண்டு வீடு திரும்பினோம். சேற்று ரயர் வாங்க எண்ணும் அன்பர்கள் வாங்கட்டும். அது வீண் செலவன்று. ஆனால் வண்டியில் ஒரு மண்வெட்டியையும் மறவாது வைத்துக்கொள்வார்களாக.