ஏணியை எடுக்கும் அதிகாரம்

சவுக்கு ஏற்றிய லாரி பள்ளிபாளையத்துக்குப் புதிதல்ல. 1960களின் தொடக்கத்திலிருந்து இங்கே ஓடும் சேஷசாயி காகித ஆலைக்குக் கூழ் மரமாகப் போகும் சவுக்கு ஒரு பக்கம். வாடகைக் கடைகளின் சுவரில் சாய்ந்து நிற்கும் சாரக் கழிகள் இன்னொரு பக்கம். விசைத்தறிக் கொட்டகைக்கு மேல் ஒரு மாடி, அதற்கும் மேல் ஒரு மாடி என்று ஊர் உயரும்போதெல்லாம் முதலில் வந்து நிற்பவை அந்தக் கழிகள்தாம். இப்போது அவற்றின் பக்கத்திலேயே இரும்புச் சாரத்துக்கான குழாயும் கிளாம்பும் கப்லாக் செட்டும் குவிந்து கிடக்கின்றன.

சாரம் கட்டும் ஒரு குடும்பத்தின் தொழிலைப் பார்க்கத்தான் போயிருந்தேன். கட்டிய சாரத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடச் சான்றிதழ் பெற்ற ஒருவர் அதே குடும்பத்தில் இருக்கிறார் என்பது அங்கு போன பிறகுதான் தெரிந்தது.

சாரம் கட்டும் மாமாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. பையனாகக் கயிறு சுருட்ட வந்து, கழி தூக்கி, முடிச்சு பழகி மேஸ்திரி ஆனவர். அவருடைய அக்கா மகன் சவூதியில் எண்ணெய் ஆலைகளில் சாரம் கட்டியவர். பிறகு படித்துத் தேர்வெழுதி ‘ஸ்காஃபோல்டிங் இன்ஸ்பெக்டர்’ அட்டை வாங்கினார். அராம்கோ போன்ற நிறுவனங்களின் வேலையிடங்களில் சான்று பெற்ற பரிசோதகர் பார்த்து அட்டை மாட்டாத சாரத்தில் யாரும் கால் வைக்க முடியாது. பச்சை அட்டை என்றால் ஏறலாம். மஞ்சள் என்றால் குறிப்பிட்ட எச்சரிக்கையோடு ஏறலாம். சிவப்பு என்றால் கிட்டேயே போகக்கூடாது. இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். இங்கே அந்த இன்ஸ்பெக்டர் அட்டையைக் கேட்பவர் யாரும் இல்லை.

நான் பார்த்தது தறிக்கொட்டகையை ஒட்டி எழும் மூன்று மாடி வீடு. வெளிப்பூச்சு தொடங்க வேண்டிய நாள். கீழே கழியும் குழாயும் கலந்து கட்டிய சாரம். தறிச் சத்தத்தில் பேச்சு பாதிதான் காதில் விழுந்தது. சாரத்தைப் பார்க்க வருபவர் அண்ணாந்து பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். மருமகன் குனிந்துதான் தொடங்கினார். ஒவ்வொரு காலாகப் போனார். குழாய்க் காலுக்குக் கீழே தகடு இருக்கிறதா, தகட்டுக்குக் கீழே பாரத்தைப் பரப்ப நீளமான பலகை இருக்கிறதா என்று பார்த்தார். மூலையில் ஒரு கால் செங்கல்லின் மேல் நின்றது. சாக்கடைத் தண்ணீர் அதன் ஓரமாக மண்ணை அரித்துவிட்டிருந்தது.

“மாமா, செங்கல்லு வெச்சிருக்குதுங்க. பாரம் ஏறுனா இது பொளந்துக்கும்.”

“பசங்க வெச்சிருப்பானுக மாப்ள. எடுத்துட்டுப் பலகை போடச் சொல்றேன்.”

பிறகு சாரம் சுவரைப் பிடித்திருக்கும் இடங்களுக்கு ஏணியில் ஏறிப் போனார். இரண்டாம் மாடியில் ஜன்னல் கம்பியோடு ஒரு கட்டு போட்டிருந்தார்கள். கட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. அவர் கட்டைத் தொடவில்லை. கம்பியைப் பிடித்து இழுத்தார். கம்பியின் அடியில் பூசிய கலவை இன்னும் ஈரமாக இருந்தது. விரல் நகம் அளவு ஒரு விரிசல் கண்ணெதிரே விழுந்தது. முந்தின நாள் மாலை பதித்த ஜன்னல் அது.

எனக்கு ஒரு பழைய விபத்து நினைவுக்கு வந்தது. 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. கோபுரம் வளர வளர, சாரம் அந்தச் சுவரையே பிடித்துக்கொண்டு மேலே ஏறும். அன்று அது பிடித்திருந்தது முந்தின நாள் ஊற்றிய கான்கிரீட்டை. போதிய வலு ஏறாத அந்த வளையம் உரிந்து விழ, சாரமும் ஆட்களும் சேர்ந்து விழுந்தார்கள். 51 பேர் இறந்தார்கள். உலகத்துக்கே பாடமான அந்த விபத்தின் காரணம் இந்த ஜன்னலோரத்தில் சின்ன அளவில் இருந்தது. எதில் கட்டியிருக்கிறார்கள், அது எப்போது போட்டது என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அன்று அங்கே இருந்தார். அப்படி ஒருவர் இல்லாத இடங்களை நினைக்கும்போது வயிறு கலங்குகிறது.

பரிசோதகர் பயிற்சி எப்படி நடக்கும் என்று மருமகனிடம் கேட்டேன். சில நாள் வகுப்பு, எழுத்துத் தேர்வு, அதன் பிறகு முற்றத்தில் கட்டி வைத்த ஒரு சாரம். அதில் வேண்டுமென்றே பிழைகள் வைத்திருப்பார்கள். ஓரிடத்தில் கிளாம்பு தளர்ந்திருக்கும், குறுக்குச் சட்டம் ஒன்று குறைந்திருக்கும், கைப்பிடிக் கம்பி இருக்காது, பலகை முனை ஆதாரத்தைத் தாண்டி நீண்டு மிதித்தால் தூக்கும்படி கிடக்கும். அத்தனையையும் கண்டுபிடித்து அறிக்கை எழுத வேண்டும். கண்டுபிடித்தால் மட்டும் போதாது, ஏறலாமா கூடாதா என்று ஒரே முடிவைச் சொல்ல வேண்டும். பலர் தோற்பது அங்கேதானாம். பிழையெல்லாம் சரியாக எழுதிவிட்டு, முடிவு எழுத வேண்டிய இடத்தில் ‘கவனமாகப் பயன்படுத்தவும்’ என்று போட்டுவிடுவார்கள்.

பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டுமானச் சாரத்தை ஏழு நாளுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும் முன்னும் தகுதியுள்ளவர் பார்க்க வேண்டும். நம்மிடமும் எழுத்தில் குறையில்லை. சாரத்துக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 3696இன் முதல் பகுதி 1987இலேயே திருத்தி வெளியிடப்பட்டது. கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996இல் வந்தது, மத்திய விதிகள் 1998இல், தமிழ்நாட்டு விதிகள் 2006இல். பொறுப்பானவர் ஒருவரின் மேற்பார்வையில்தான் சாரம் கட்ட வேண்டும் என்று மத்திய விதிகள் சொல்கின்றன.

ஆனால் அந்த 1996 சட்டம் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொருந்தியது. சொந்த வீடு கட்டுபவர் பத்து லட்சம் ரூபாய் வரை அதன் வரம்புக்கு வெளியே இருந்தார். 2020இன் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்தத் தொகையை ஐம்பது லட்சமாக உயர்த்திவிட்டது. பள்ளிபாளையத்தில் எழும் வீடுகளில் ஐம்பது லட்சத்தைத் தாண்டுபவை எத்தனை இருக்கும்? மூன்றாம் மாடியிலிருந்து விழுபவருக்கு வீட்டின் மதிப்பு எத்தனை லட்சமாக இருந்தால் என்ன? பெரிய ஆலைகளில் பர்மிட் இல்லாமல் உயரத்தில் ஏறவிட மாட்டார்கள். அதே ஆள் மறுநாள் வீட்டு வேலைக்கு வந்தால் பெல்ட்டும் இல்லை, பார்ப்பவரும் இல்லை. இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

சான்றிதழ்காரர் மட்டும்தான் விவரமானவர் என்று நினைத்துவிடக் கூடாது. மழைக்குப் பிறகு சாரத்தைத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்பது பாடத்தில் உள்ளது. மாமா அதற்கு மேல் ஒரு படி போனார்.

“மழை நின்னவொடனே பாத்தா எல்லாக் கட்டும் நல்லாத்தானுங்க தெரியும். தேங்காநார்க் கயிறு நனைஞ்சா இறுகும். வெயில்ல காயுறப்பத்தான் தொளதொளன்னு ஆவும். அதனால காஞ்ச பொறவு பாக்கோணும். நைலான் கயிறு வேற கதைங்க. அது காஞ்சாலும் நனைஞ்சாலும் முடிச்சு வழுக்கும்.”

ஆடிக் காற்றைப் பற்றியும் சொன்னார். மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும் அந்தக் காற்றில், தூசிக்காகப் போர்த்திய பச்சை வலை பாய்மரம் மாதிரி புடைத்துச் சாரத்தையே இழுக்கும். வலை கட்டினால் சுவர்ப்பிடிகளைக் கூட்ட வேண்டும் என்பது மருமகன் படித்த பாடம். ஆடியில் வலையே கட்டாதே என்பது மாமாவின் பாடம். இரண்டையும் கேட்டபோது எனக்குத் தோன்றியது இதுதான்: இப்படிப்பட்ட கையறிவு உள்ளவர்களுக்கு அட்டை கிடைக்கும் வழி இன்று குறுகலாக இருக்கிறது. காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நடத்தும் கட்டுமானப் பயிற்சிப் பள்ளி போன்ற இடங்களில் சாரம் கட்டச் சொல்லித் தருகிறார்கள். பரிசோதகர் சான்றுக்கான வகுப்புகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், வளைகுடா போகிறவர்களை மனத்தில் வைத்து நடக்கின்றன. மாமாவால் அந்த முற்றத்துச் சாரத்தில் இருக்கும் எல்லாப் பிழைகளையும் சொல்ல முடியும். எழுத்துத் தேர்வின் முதல் பக்கத்தைத் தாண்ட முடியாது. தேர்வைத் தமிழில், வாய்மொழியாக வைக்கத் தடை என்ன? நாமக்கல்லிலும் ஈரோட்டிலும் ஊருக்கொரு முற்றம் போதும்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜன்னல் கட்டைப் பார்த்ததும் மருமகன், “இன்னைக்கு யாரும் ஏற வேண்டாமுங்க” என்றார். வீட்டுக்காரர் பொறுக்கவில்லை. கொத்தனார்கள் வந்துவிட்டார்கள், சித்தாள்கள் கலவை போட்டாகிவிட்டது, அது வீணாகும். “ஒரு கட்டுதானுங்களே, மேல இத்தனை கட்டு இருக்குதே” என்றார். அவர் சொன்னதிலும் நியாயமில்லாமல் இல்லை. பணம் அவருடையது. கொத்தனார்களும் முணுமுணுத்தார்கள். வேலை நின்றால் அவர்களுக்குக் கூலி நிற்கும்.

மாமா வாக்குவாதம் செய்யவில்லை. ஏணியை அவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு போய்க் கொட்டகைக்குள் படுக்க வைத்துவிட்டார். சாரம் முடியாத நாளில் ஏணியை எடுத்துவிடுவது அவருடைய பழைய வழக்கம். சிவப்பு அட்டைக்கு இந்த ஊரில் வேறு உருவம் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. போட்ட கலவையை உள்சுவர்ப் பூச்சுக்குத் திருப்பினார்கள். அதற்கு எல்லாருக்கும் வேலை இல்லை. மீதிப் பேருக்குப் பாதிக் கூலி என்று பேசி முடித்தார்கள். அதில் யார் எவ்வளவு கொடுப்பது என்று மத்தியானம் வரை பேச்சு நீண்டது. மாமா தன் பங்காக ஒரு தொகை கொடுத்தார். பிழை கண்டுபிடித்த குடும்பமே அதற்கு விலையும் கொடுத்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. சோதனையில் வேலை நின்றால் அந்த நாள் கூலி யார் கணக்கு என்பதை முதலிலேயே எழுதாத வரை, எந்தச் சான்றிதழ்காரரும் நாலு இடத்தில் ‘கவனமாகப் பயன்படுத்தவும்’ என்றுதான் எழுதுவார்.

மருமகனும் அதையேதான் பிடித்துக்கொண்டார். அடுத்து அவர்கள் எடுக்கப்போவது குமாரபாளையம் பக்கம் ஒரு கோயில் திருப்பணிச் சாரம். கமிட்டியோடு போடும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறார். சாரம் சரியில்லை என்று சொன்னால் அன்று யாரும் ஏறக்கூடாது. அன்றைய கூலியைக் கமிட்டி தர வேண்டும். முதல் வரிக்குக் கமிட்டி உடனே சரி சொல்லிவிட்டது. இரண்டாவது வரி இன்னும் பேச்சில் இருக்கிறது. அது எழுத்தில் ஏறாமல் முதல் கழியை நடப்போவதில்லை என்று மாமா சொல்லிவிட்டார்.