தாதியார் கேட்ட வினாக்கள்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, இலக்கியப் பொருளொன்றையே எழுத எண்ணியிருந்தோம். எழுத அமர்ந்தபோது நெஞ்சிலே வந்து நின்றது வேறொன்று. எம் தமையனாரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே, கணக்கிற் சூரர். அவரது இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அவர் பேச்சைக் குறைத்தார். பின் உணவைக் குறைத்தார். "நெஞ்சுக்குள்ளே பாரமாய் இருக்கிறது" என்பார், பெருமூச்செறிவார். இருதய நோயென்று எண்ணிப் பரிசோதித்தோம், குறையொன்றுமில்லை. நூல் கட்டினோம், மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினோம். துயரத்தை உடல் நோவாகவே உரைப்பது எம்மவர் வழக்கென்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதலானோர் எழுதியிருப்பதைப் பின்னரே அறிந்தோம். மனநோய்க்கு மருத்துவம் என்றாலோ எமக்குக் கூச்சம். "அங்கொடைக்கு அனுப்பவேண்டும்" என்று வகுப்பிலே பிள்ளைகளை வைத ஆசிரியருள் நாமும் ஒருவர். அந்த அங்கொடை மருத்துவமனை 2008 ஆம் ஆண்டிலேயே தேசிய மனநல நிறுவகமாகிவிட்டது. எம் நாத்தான் மாறவில்லை.

ஈற்றில், மருதனார்மடச் சந்தியிலே பேருந்தேறித் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கு அவரை அழைத்துச் சென்றோம். சுன்னாகமும் மல்லாகமும் கடந்தன. அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

மருத்துவரைக் காணுமுன் இளவயதுத் தாதியார் ஒருவர் எம்மை இருத்தினார். "தம்பியார் கூட இருக்கலாமோ ஐயா?" என்று தமையனாரையே கேட்டார்; அவர் தலையசைத்தார். வினாத் தொடங்குமுன்னரே தாதியார் மதிப்பிடத் தொடங்கிவிட்டார் என்பது எமக்குப் பின்னரே விளங்கியது. நடையின் தளர்ச்சி, மழிக்காத முகம், மாறிப் பூட்டிய பொத்தான், நிலம் நோக்கிய கண், விடைக்கு முன் நீளும் மௌனம் யாவும் அவருக்குக் குறிப்புகள்.

"உறக்கம் எப்படி?" என்றார். "நன்றாக உறங்குகிறார்" என்றோம் நாம். "மூன்றரைக்கு விழித்துவிடுவேன்" என்றார் தமையனார். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் நாம் அதனை அறியோம். விடியுமுன் விழிப்பதும் காலையிலே மனம் மிகக் கனப்பதும் மனச்சோர்வு நோயின் குறிகளாம்.

நாள், மாதம், இருக்குமிடம் கேட்டபின், 100 இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86, 79. அங்கே நின்றுவிட்டார் எம் கணக்குச் சூரர். சோதிக்கப்பட்டது கணக்கறிவன்று, மனம் ஒன்றிலே நிலைக்கும் ஆற்றல். அடுத்து, அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பதற்குப் பொருள் கேட்டார். "அம்மி உடைந்துபோகும்" என்றார் தமையனார். தமிழாசிரியர் அல்லவா, விளக்க வாயெடுத்தோம்; தாதியார் கையமர்த்தினார்.

பின்னர்க் குரலை மாற்றாமலே கேட்டார்: "ஐயா, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்ததுண்டா?"

எமக்குத் திடுக்கிட்டது. இல்லாத எண்ணத்தை இவரே ஊட்டுகிறாரே என்று சினந்தோம். அவ்வாறு கேட்பதனால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை என்பதையும், கேளாது விடுவதே ஆபத்து என்பதையும் அன்று நாம் அறிந்திலோம். "அப்படியொன்றும் இல்லை" என எம் வாய் முந்துமுன், "வந்தது. இரண்டு தரம்" என்றார் தமையனார்.

எப்போது, எவ்விடத்தில், எது தடுத்தது என்று தாதியார் ஒவ்வொன்றாய்க் கேட்டார். "இரவு தோட்டக் கொட்டிலுக்குப் போனேன். நாய் பின்னாலே வந்தது. திரும்பிவிட்டேன்." தாதியார் அந்த நாயையும் ஏட்டிலே எழுதிக்கொண்டார்.

கொட்டிலிலே வெங்காயத்துக்குத் தெளிக்கும் மருந்து இருந்தது. அதனை அன்றே அகற்றுமாறும் அவரைத் தனியே விடாதிருக்குமாறும் பணித்த பின்னரே மருத்துவரிடம் அனுப்பினார். 1995 இல் இலங்கையிலே இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அத்தொகை வெகுவாய்த் தாழ்ந்தது. கைக்கெட்டும் தூரம் அத்துணை பெரிது.

மருந்து பிடிக்கச் சில கிழமைகள் ஆயின. ஒரு மாலை மருதனார்மடச் சந்தையிலே கத்தரிக்காய் தெரிந்துகொண்டிருந்தவர் சட்டெனத் திரும்பி, "தம்பி, அன்றைக்கு எதிலே நின்றேன்?" என்றார்.

"எழுபத்தொன்பதிலே, அண்ணை."

"எழுபத்திரண்டு" என்று சொல்லிவிட்டு, கத்தரிக்காய்க்கு விலை பேசத் தொடங்கினார்.