ஒரு ‘இ’

கண்ணமங்கலத்தில் எங்கள் தறிக்கான பட்டு நூலுக்குச் சாயம் போடுவது அப்பாதான். பிளஸ் டூ முடித்ததும் ஓர் உதவித்தொகைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினேன். நேர்காணலில் ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“அப்பா பட்டுக்குச் சாயம் போடறாரா, செத்துக்கிட்டு இருக்காரா தம்பி?”

எனக்குப் புரியவில்லை. பஸ்ஸில் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினேன். சாவதும் ‘டை’, சாயமிடுவதும் ‘டை’. சாவின் ‘டை’ ‘ஐ-இ’யில் முடியும், ‘இங்’ சேர்ந்தால் அந்த இரண்டும் போய் ‘ஒய்’ வரும். பொய் சொல்வதற்கான ‘லை’யும் அப்படித்தான். சாயத்தின் ‘டை’யிலோ ‘ஒய்’ முதலிலேயே இருக்கிறது. வழக்கம்போலக் கடைசி ‘இ’யை எடுத்துவிட்டால் சாயமும் சாவும் ஒன்றாகிவிடும். அதனால் சாயத்துக்கு மட்டும் ‘இ’யை விட்டுவைக்கிறார்கள். நான் அதைத்தான் எடுத்திருந்தேன். (ஆங்கிலத்தில் காரணத்தோடு இருக்கிற விதிகள் கொஞ்சம். இது அதில் ஒன்று என்பது அன்றைக்கு ஆறுதலாக இல்லை.)

வீட்டுக்கு வந்தபோது அப்பா கொதிக்கிற சாயத்தில் நூல் கழியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் நகம்வரை அரக்குச் சிவப்பு.

“இன்னாடா கேட்டாங்க?”

“உங்க வேலையப் பத்திதான்பா.”

“நல்லா சொன்னியா?”

தலையாட்டினேன். ஆவி முகத்தில் அடித்து அவர் இருமினார். எப்போதும் இருமுகிற இருமல்தான். அன்றிலிருந்து ராத்திரியில் அது கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.